சிப்ஸ் கவரை யார் எடுப்பது?

"முதல்ல ஜனங்க திருந்தணும் சார். அப்புறம் பார்க்கலாம்."

சென்ற மாதம் எங்கள் பகுதிக் குடியிருப்போர் கூட்டத்தில் காதில் விழுந்த வாக்கியம் இது. சொன்னவர் யார், எந்த அலுவலகம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஆயுளில் பாதியைக் கோப்புகளோடு கழித்தவன் நான். ஒரு வேலையைச் செய்ய மனமில்லாதபோது எழுதப்படும் குறிப்புகளில் இதற்குத்தான் முதலிடம். "பொதுமக்களிடையே போதிய விழிப்புணர்வு இல்லாத காரணத்தால்..." என்று தொடங்கினால் போதும், கோப்பு நிம்மதியாகத் தூங்கிவிடும்.

கேட்கப்பட்டது பெரிய விஷயமே இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்து நின்று கேட்டார்: "பால் கவரைப் பழைய பேப்பர்க்காரர் எடுத்துக்கிறார். தண்ணி பாட்டிலை எடுத்துக்கிறார். சிப்ஸ் கவர், பிஸ்கட் உறை, மசாலா பாக்கெட், ஷாம்பு சாஷே, சோப்புத்தூள் கவர், இதையெல்லாம் யாரும் தொட மாட்டேங்கிறாங்க. வாரத்துல ஒரு நாள் இதை மட்டும் தனியா வாசல்ல வந்து எடுத்துக்கிட்டுப் போக முடியுமா? ஒரே ஒரு வார்டுல செஞ்சு பாருங்களேன்."

அதற்குக் கிடைத்த பதில்தான் மேலே உள்ளது. அந்தப் பதிலுக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கவர்களை ஏன் யாரும் தொடுவதில்லை? பழைய பேப்பர்க்காரரின் கொழுப்பு என்று நினைத்துவிடக் கூடாது. பார்க்க ஒரே தாள் போலத் தெரிகிற சிப்ஸ் கவரில் இரண்டு மூன்று படலங்கள் ஒட்டியிருக்கின்றன. உள்பக்கம் மினுமினுப்பது அலுமினியப் பூச்சு. மேலே அச்சு மை, நடுவே பசை. சாஷேக்களில் பெட் என்கிற பாலியெஸ்டரும் பாலித்தீனும் சேர்ந்தே இருக்கும். பாலித்தீன் 110 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும். பெட் உருக 250 டிகிரி வேண்டும். இரண்டையும் ஒரே கொப்பரையில் போட்டு உருக்கினால் ஒன்றோடொன்று சரியாகக் கலக்காது. பிரித்தெடுக்கும் முறைகள் உண்டு. ஆனால் பிரிக்கிற செலவு, பிரித்துக் கிடைக்கும் பொருளின் விலையைவிட அதிகம். போதாக்குறைக்கு எடையே கிடையாது. எங்கள் வீட்டில் ஒரு மாதம் சேர்த்த கவர்கள் ஒரு கட்டைப்பையை நிறைத்தன. தராசில் வைத்தால் அரைக் கிலோ வரவில்லை. ஒரு கிலோ சேர்க்க எத்தனை வீதி குனிந்து நிமிர வேண்டும் என்று காகிதம் பொறுக்குகிறவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் விட்டுவிட்டுப் போகிறார்.

ஆகவே இது ஜனங்கள் திருந்தாததால் வந்த வினை அல்ல. திருப்பி எடுக்க வழியே இல்லாத ஒரு பொருளைச் செய்து, கோடிக்கணக்கில் விற்றதால் வந்தது. வாங்கினவனை முதலில் திருந்தச் சொல்கிறார்கள். செய்தவனை?

செய்தவனை ஒரு முறை கேட்டார்கள். அந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். குமாஸ்தாக்களுக்கு இதில் ஒரு தனி ருசி உண்டு. 2016 மார்ச் 18ஆம் தேதி மத்திய அரசு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு பிளாஸ்டிக்கின் உற்பத்தியையும் பயன்பாட்டையும் இரண்டே ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்திவிட வேண்டும் என்று அதில் இருந்தது. படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கெடு முடிய வேண்டியது 2018 மார்ச்சில். அதே மார்ச் 27ஆம் தேதி ஒரு திருத்தம் வந்தது. மறுசுழற்சி செய்ய முடியாத, அல்லது எரிபொருளாகவும் ஆகாத, அல்லது வேறு எந்த உபயோகத்துக்கும் உதவாத பல அடுக்கு பிளாஸ்டிக் என்று வாசகம் மாறியது. எதைத்தான் எரிக்க முடியாது? அடுப்பில் போட்டால் எரியும் என்று காட்டிவிட்டால் தப்பிக்கலாம். நாலைந்து சொற்களைச் செருகியதில் ஒரு தடை மறைந்து போயிற்று. வரைவு எழுதிய கை தேர்ந்த கை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு 2022 பிப்ரவரியில் உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு என்று புதிய ஏற்பாடு வந்தது. பிளாஸ்டிக் உறைகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். நம் சிப்ஸ் கவர் சாதி மூன்றாம் வகை. சந்தைக்கு அனுப்பிய உறையின் எடைக்கு நிறுவனங்களே பொறுப்பு. மூன்றாம் வகையில் 2024-25இல் 30 சதவீதமும், ஆண்டுக்குப் பத்துப் பத்தாகக் கூடி 2027-28இல் 60 சதவீதமும் மறுசுழற்சிக்குப் போக வேண்டும். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு நடப்பது சான்றிதழ்களில். புதுச்சேரியில் விற்ற கவருக்கு வேறு ஏதோ ஒரு மாநிலத்தில் மறுசுழற்சி செய்ததாகச் சான்றிதழ் வாங்கினாலும் கணக்கு நேராகிவிடும். நம் வீதியில் கிடக்கும் கவர் அப்படியே கிடக்கும். ஏட்டில் அது மறுபிறவி எடுத்திருக்கும். சில மறுசுழற்சியாளர்கள் லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்கள் தயாரித்ததை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2023இல் கண்டுபிடித்தது. தரகு உள்ள இடத்தில் போலியும் வரும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஒரு நிறுவனத்தால் காலி சாஷேயைத் தெருத்தெருவாகத் திரும்ப வாங்க முடியுமா, நடைமுறைக்கு ஒத்து வருமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் தயவுசெய்து பஸ் ஏறிக் கடலூருக்குப் போய் வரட்டும். ஷாம்புவைச் சின்ன உறையில் அடைத்து விற்கலாம் என்று இந்த நாட்டுக்குக் காட்டியவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் கடலூரிலிருந்தே சிக் ஷாம்புவைத் தொடங்கினார். அந்த ஷாம்பு கிராமம் கிராமமாகப் பரவியது எப்படி? காலி சாஷேக்களைச் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு புது சாஷே இலவசம். முதலில் எந்தக் கம்பெனியின் காலி உறையானாலும் சரி என்றார்கள். பிறகு எங்கள் உறை மட்டும் என்று மாற்றினார்கள். பிள்ளைகள் குப்பைமேட்டைக் கிளறிச் சேர்த்தார்கள். அவருடைய வியாபார சாமர்த்தியத்தை நான் குறை சொல்லவில்லை, மெச்சுகிறேன். வியாபாரத்தை வளர்க்க வேண்டியிருந்தபோது பெட்டிக்கடை வரை காலி உறையைத் திரும்ப வாங்கும் வழி இருந்தது. நாற்பது வருஷம் கழித்து, லாரியும் கணினியும் ஒவ்வொரு பெட்டிக்கடைக்கும் விற்பனைப் பிரதிநிதியும் உள்ள காலத்தில், அது முடியாத காரியம் என்கிறார்கள்.

(சாஷே என்பது பிரெஞ்சுச் சொல். சிறு பை என்று பொருள். நம் ஊர்ப் பெட்டிக்கடைக்காரர்கள் பிழையில்லாமல் உச்சரிக்கும் பிரெஞ்சுச் சொற்களில் ஒன்று.)

ஜனங்கள் திருந்த மாட்டார்கள் என்ற பேச்சுக்கு இன்னொரு பதில் நீலகிரியில் இருக்கிறது. அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பித் தருகிறார்கள். உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு 2022இல் ஆரம்பித்தது. குடிப்பவர்களைத் திருத்த எத்தனையோ பேர் முயன்று தோற்றிருக்கிறார்கள். பாட்டிலோ பத்து ரூபாய்க்காகக் கடைக்குத் திரும்பி வருகிறது.

இப்போது பிரான்சுக்கு வருகிறேன். நம் ஊரில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் பாரீஸ் பக்கம் இருக்கிறார். கோடை விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் "தாத்தா, மஞ்சள் தொட்டி எங்கே?" என்று கேட்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "பார், பிரான்சில் எப்படிச் சுத்தமாக இருக்கிறார்கள்" என்று பெருமூச்சு விடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்த மஞ்சள் தொட்டியின் வரலாற்றை யாரும் விசாரிப்பதில்லை.

வெகுகாலம் அந்தத் தொட்டியில் பிளாஸ்டிக் என்றால் பாட்டில், குப்பி மட்டும்தான் போடலாம். தயிர்க் கிண்ணம், இறைச்சித் தட்டு, மேல் உறை எல்லாம் சாதாரணக் குப்பை. எல்லா உறைகளையும் எடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க, 51 உள்ளாட்சிகளில், 37 லட்சம் மக்கள் வாழும் பகுதியில், 2012 வாக்கில் ஒரு சோதனை நடத்தினார்கள். நடத்தியது எக்கோ அம்பலாழ் என்ற அமைப்பு. பொருளைச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்தில் அது நடந்தது; இப்போது சித்தேயோ என்ற பெயரில் இருக்கிறது. சோதனையில் ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. எல்லா உறையையும் ஒரே தொட்டியில் போடலாம் என்று சொன்னவுடன், ஏற்கெனவே போட வேண்டியிருந்த பாட்டில்களும் முன்னைவிட அதிகமாக வந்தன. எது போடலாம், எது கூடாது என்று குழம்பிக் குப்பையில் எறிந்தவர்கள் குழப்பம் தீர்ந்ததும் சரியாகப் போட ஆரம்பித்தார்கள். ஜனங்கள் திருந்திய பிறகு தொட்டி வரவில்லை. தொட்டி வந்த பிறகுதான் ஜனங்கள் திருந்தினார்கள். 2015இல் சட்டம் வந்து, 2023 ஜனவரிக்குள் ஏறக்குறைய நாடு முழுவதும் பரவிற்று.

அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. மஞ்சள் தொட்டியில் விழுந்ததெல்லாம் மறுசுழற்சி ஆகிவிடுவதில்லை. மெல்லிய உறைகளில் கணிசமானவை எரிக்கப்படுகின்றன. மறுசுழற்சி ஆகாத பிளாஸ்டிக் உறைக்குக் கிலோவுக்கு 80 சென்ட் என்று 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியம் உறுப்பு நாடுகளிடம் வசூலிக்கிறது. அந்தக் கணக்கில் பிரான்ஸ் ஆண்டுக்கு நூறு கோடி யூரோவுக்கு மேல் கட்டுகிறது. பேரப்பிள்ளையிடம் இதையும் சொல்லலாம்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் மோசம். அங்கே கவர்களை வாசலில் எடுக்கவில்லை; ரெட்சைக்கிள் என்ற ஏற்பாட்டில், பெரிய கடைகளின் வாசலில் இருந்த பெட்டியில் மக்களே கொண்டுபோய்ப் போட்டார்கள். கழுவி, உலர்த்தி, வருஷக்கணக்காகப் போட்டார்கள். 2022 நவம்பரில் குட்டு வெளிப்பட்டது. எடுத்துக்கொள்ள ஆலை இல்லாமல் பத்தாயிரம் டன்னுக்கு மேல் கிடங்குகளில் குவிந்து கிடந்தது. அந்த ஊர் ஜனங்கள் திருந்தித்தான் இருந்தார்கள்.

அதனால் ரிப்பன் வெட்டி, பச்சைத் தொப்பி போட்டு, மூன்றாவது தொட்டி ஒன்றைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் திட்டம் வேண்டவே வேண்டாம். சேகரிப்பது வேறு, மறுசுழற்சி வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் பக்கத்தில் சேகரிக்கும் கவர்களில் பெரும்பகுதி கடைசியில் போய்ச் சேரப்போவது சிமெண்ட் ஆலையின் சூளைக்கு. கொஞ்சம் தார்ச் சாலைக்குப் போகலாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் காட்டிய வழி அது, 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சூளைக்கு அனுப்பினால் சூளைக்கு அனுப்பினோம் என்றே எழுத வேண்டும். அதற்கு மறுசுழற்சி என்று பெயர் சூட்டக் கூடாது.

"அப்படியானால் எதற்குச் சோதனை? எரியப்போவதைத் தனியாக எடுத்து என்ன லாபம்?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

இப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் காலி மனைகளின் ஓரத்தில் நடந்து பாருங்கள். என்னைப் போல மூச்சுக்குழலுக்கு மருந்து இழுத்துக்கொண்டு நடப்பவர்கள் வாசகர்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். தினமும் கடற்கரைச் சாலையில் பார்த்துக்கொள்கிறோம். காலி மனையில் திறந்த வெளியில் புகைவதற்கும், ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் சூளையில் எரிவதற்கும் உள்ள வித்தியாசம் நுரையீரலுக்குத் தெரியும். எரியாதது வாய்க்காலுக்குப் போகிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது எந்த வீதியில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அத்தனைக்கும் கவர்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு மழையை எந்த வாய்க்காலும் தாங்காது. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு பெரிய வாய்க்காலின் கம்பி வலைகளில் தொங்கியது என்ன என்று எல்லோரும் பார்த்தோம்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அது குமாஸ்தா புத்தி. எண் இல்லாமல் எந்தக் கோப்பும் நகராது. ஒரு வார்டில் ஓர் ஆண்டு எடுத்து, எடை போட்டு, எந்தெந்த நிறுவனத்தின் உறை எத்தனை கிலோ என்று பதிவேட்டில் எழுதினால், அது ஒரு ஆவணம். கவரின் மேல் பெயர் அச்சாகியிருக்கிறது. தன் முகவரியைத் தானே எழுதி வைத்துவிட்டுப் போகும் குற்றவாளி வேறு எங்கே கிடைப்பான்? "உங்கள் உறை எங்கள் வார்டில் இத்தனை கிலோ கிடந்தது. எடுக்க இத்தனை ரூபாய் ஆயிற்று. வேறு மாநிலத்துச் சான்றிதழ் எங்களுக்கு வேண்டாம், பணத்தை இங்கே கட்டுங்கள்" என்று எழுதலாம். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருப்பது கடினம்.

பணம் அங்கிருந்துதான் வர வேண்டும். வீட்டு வரியோடு இன்னொரு வரி என்றால் நானே எதிர்த்துக் கையெழுத்துப் போடுவேன். ஓய்வூதியம் வாங்குகிறவனும், தினக்கூலிக்கு ஒரு நாள் எண்ணெயும் ஒரு நாள் ஷாம்புவும் சாஷேயாக வாங்குகிற பெண்மணியும் பன்னாட்டுக் கம்பெனியின் உறைக்குக் கூலி கட்ட வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பெண்மணியிடம் போய் மந்தார இலைப் பொட்டலத்தின் பெருமையைப் பேசுவதும் எனக்குப் பிடிக்காது. மளிகைக்கடைப் பொட்டலம், தூக்குவாளி, சணல் பை என்று நானும் நாலு பதிவு எழுதியிருக்கிறேன். நினைத்துப் பார்க்க இனிமையாக இருக்கிறது. ஐந்நூறு மில்லி பாட்டில் வாங்கக் கையில் காசு இல்லாதவளுக்கு அது எந்த வழியும் காட்டாது.

இன்னொருவரையும் மறக்கக் கூடாது. பிரெஞ்சில் குப்பைத்தொட்டிக்குப் பூபெல் என்று பெயர். சின்ன வயதில் டிக்தேயில் அந்தச் சொல்லை எழுதியபோது, அது ஒரு மனிதரின் பெயர் என்று வாத்தியார் சொல்லித் தரவில்லை. எழேன் பூபெல் என்பவர் பாரீஸை ஆண்ட சேன் மாவட்டத்தின் பிரெஃபே. 1883 நவம்பரில் ஓர் ஆணை போட்டார்: வீட்டுக்காரர்கள் மூடியுள்ள தொட்டி வைக்க வேண்டும், அழுகுவதற்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓட்டுக்கு ஒன்று. ஆம், 140 வருஷத்துக்கு முன்பே மூன்று தொட்டி. பத்திரிகைகள் கேலி செய்தன; அவர் பெயரையே தொட்டிக்கு வைத்துவிட்டன. உண்மையில் அடிபட்டவர்கள் ஷிஃபோனியே எனப்பட்ட கந்தல் பொறுக்கிகள். இரவெல்லாம் வீதியில் கொட்டிக்கிடந்ததைக் கிளறிப் பிழைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்புப் போயிற்றே என்று கூச்சலிட்டன. காலையில் வண்டி வருமுன் கொஞ்ச நேரம் தொட்டியைக் கிளற விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

நம் ஊரிலும் விடிகாலையில் சாக்குடன் நடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வருமானம் தருவது பாட்டிலும் பால் கவரும் அட்டையும். புதுத் திட்டம் என்று எவராவது வந்து அவற்றையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனால், ஒரு பிரச்சினையைத் தீர்க்கப் போய்ப் பத்துக் குடும்பத்தின் அடுப்பில் தண்ணீர் ஊற்றினதாகும். சோதனையில் எடுக்க வேண்டியது யாரும் எடுக்காத கவரை மட்டும். எடுக்கும் வேலையை அவர்களுக்கே கூலியோடு கொடுக்கலாம். துப்புரவுப் பணியாளர்கள் தலையில் கூடுதல் கூலியில்லாமல் இதையும் கட்டினால் மூன்றாம் வாரமே எல்லாம் ஒரே வண்டியில் கொட்டப்படும். நாம் பிரித்துக் கொடுத்த குப்பையை வண்டியில் ஒன்றாகக் கலப்பதைப் பார்த்து மனம் வெறுத்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களைத் திட்டிப் பயனில்லை. ஒரே ஒரு அறையுள்ள வண்டியைக் கொடுத்துவிட்டு மூன்று வகையாகக் கொண்டுவா என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்?

மனு ஒன்று தயாராகிவிட்டது. ஆசிரியை அம்மா வாசகத்தைத் திருத்தினார். நான் தட்டச்சு செய்தேன். ஒரு வார்டு, ஓர் ஆண்டு, வாரம் ஒரு குறிப்பிட்ட நாள். கழுவி உலர்த்திய கவர் மட்டும். வார்டில் எடை போட்டு, எடையையும் போன இடத்தையும் அதே வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஆண்டு முடிவில், தோற்றாலும் ஜெயித்தாலும், முழுக் கணக்கையும் வெளியிட வேண்டும். செலவை உறையில் பெயருள்ள நிறுவனங்களிடம் கேட்டு எழுத வேண்டும். எழுதிய கடிதங்களின் நகலும் பலகையில் வர வேண்டும். தராசு வாங்க நிதி இல்லை என்று பதில் வரக்கூடும் என்பதால், எங்கள் தெரு பழைய பேப்பர்க்காரரிடம் பேசி வைத்திருக்கிறேன். வாரம் ஒரு மணி நேரம் அவருடைய தராசைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "கவரை மட்டும் என் தலையில கட்டாதீங்க முசியே" என்றார்.

இதுவரை 43 கையெழுத்து. திங்கட்கிழமை கொடுக்கப் போகிறோம்.